இதர வரவு

அகாடமியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம்.
இறந்துபோன பட்டதாரிகளின் மோதிரங்களை உருக்கி
இந்த வருடத்துப் பிள்ளைகளின் தங்கத்தில் கலப்பார்களாம்.
"அப்பாவுடையது எங்கே, தெரியுமா மிஸ் ஹக்காலா?"
போனில் கேட்கிறாள் கிரெட்சன்.
டுலூத்தில் நேற்றிலிருந்து பனி.
ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று
என் ஜன்னலுக்கும் தெரியவில்லை.

இருபத்தொன்பது வருடம் அவர் கணக்கை எழுதினேன்.
ஆஸ்ட்பி ஏணித் தொழிற்சாலை,
ஆறடி முதல் நாற்பதடி வரை.
ஹட்சன் நதிக்கரையில் நான்கு ஆண்டுப் படிப்பு,
ஜெர்மனியில் பீரங்கிகளோடு ஐந்து ஆண்டு,
பிறகு, மாமனார் கடனில் மூழ்கடித்த இந்தக் கொட்டகை.
கேப்டன் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.
ஆனால் அவர் காலணியில் நம் முகம் தெரியும்.
வாரத்துக்கு ஓர் ஏணி, கைக்கு வந்ததை எடுத்து வரச் சொல்லி
கழுத்து டையோடு உச்சிப்படி வரை ஏறுவார்.
மேலே நின்று கூரை ஒழுகலைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்குவார்.

முதலாண்டு மாணவனுக்கு அங்கே அனுமதித்த பதில்கள் சிலவே.
அதில் ஒன்றை ஆயுளுக்கும் வைத்துக்கொண்டார்:
"சாக்கு ஏதுமில்லை, ஐயா."

எண்பத்தொன்றில் ஓர் ஏணியின் கொக்கி விட்டுக்கொடுத்தது.
பெயிண்டர் ஒருவர். இடுப்பெலும்பு, மூன்று விலா.
வாயைத் திறக்காதீர்கள் என்றார் வக்கீல்.
இவரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி
ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விறைப்பாக நின்று
அந்த மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு வந்தார்,
அந்த "ஐயா" உட்பட.
அதன் விலை எனக்குத் தெரியும்:
பேரேட்டில் சிவப்பு மையில் ஐந்து பக்கம்.

டுவேன் பெல்டியரை வெட்டியதும் அதே வாக்கியம்தான்.
மூன்று நாள் தாமதம்.
"என் மனைவிக்கு..." என்று ஆரம்பித்தான்.
கையை உயர்த்தினார். சாக்கு வேண்டாம்.
கணக்கைத் தீர்க்கச் சொல்லிச் சீட்டு வந்தது, தீர்த்தேன்.
அவளுக்கு என்னவென்று
பனி உருகிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.
போன வாரம் தேவாலயத்தில்
நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெல்டியர் வரவில்லை.

எண்பத்திரண்டு டிசம்பர். வங்கி கையை விரித்துவிட்டது.
வெள்ளிக்கிழமை முப்பத்தேழு பேருக்குச் சம்பளம்.
காரை விற்றும், எல்லாம் திரட்டியும்
நானூற்றுப் பத்து டாலர் உதைத்தது.
மதியம் வெளியே நடந்து போனவர்
திரும்பி வந்து என் மேசையில் நோட்டுகளை வைத்தார்.
"எந்தத் தலைப்பில் எழுத?"
"இதர வரவு."
விரலில் வெளுத்த ஒரு வளையம்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு
அறைக்குள்ளேயே கையுறையை மாட்டிக்கொண்டார்.

மீன் பிடிக்கும்போது ஏரியில் விழுந்துவிட்டதென்று
வீட்டில் சொன்னாராம்.
இர்மா இன்றும் கோடையில் கரையோரம் நடக்கும்போது
கூழாங்கற்களைக் காலால் கிளறிப் பார்ப்பாளாம்.
பொய் சொல்ல மாட்டேன் என்று
அந்த அகாடமியில் உறுதிமொழி உண்டு.
எனக்குத் தெரிந்து அவர் சொன்னது இது ஒன்றுதான்.
அதைக் காத்து நின்றது என் கையெழுத்து.

தொழிற்சாலை கைமாறியபோது
குப்பைக்குப் போன பேரேடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன்.
பச்சை அட்டை. பக்கம் நூற்றுப் பதினான்கு.
இப்போது மடியில் இருக்கிறது.

"மிஸ் ஹக்காலா, லைனில் இருக்கிறீர்களா?"

இருக்கிறேன்.
முதலில் இதைச் சொல், கிரெட்சன்,
உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாளா?