மேடா, பள்ளமா

ஆடி அமாவாசைக்கு மூன்றாம் நாள்
நம்புராஜன் கீழக்கரைக்கு வந்தார்,
ராமநாதபுரத்தில் பஸ் மாறி.
காந்தக் கட்டியைக் கயிற்றில் கட்டி
அக்னி தீர்த்தத்தின் அடியை இழுத்துப் பார்க்கிறவர்.
தர்ப்பணம் கொடுத்தவர்கள் எறிந்ததெல்லாம்
மறுநாள் அவர் கயிற்றில் ஒட்டிக்கொண்டு வரும்.
சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் ஒரு இரண்டு ரூபாய்.

"எழுத்தே இல்லாத காசு, மரைக்காரே.
சிங்கத்துக்குக் கீழே பாருங்க, மொட்டை.
சாத்தூர்க்காரர் ஒருத்தர் வீடியோவில பாத்துட்டு
எட்டாயிரம்னு சொல்லிட்டார்.
பிழைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

செல்போன் கடையில் எனக்குப் பாதி மேசை.
அந்தப் பக்கம் உடைந்த திரைகளை மாற்றுவார்கள்,
இந்தப் பக்கம் நான், லென்ஸோடு.
வாய்மையே வெல்லும் என்று இருக்கவேண்டிய இடம்
துடைத்த தட்டு மாதிரி கிடந்தது.
ஒரு நாகரி எழுத்தின் தலைக்கோட்டில்
எறும்புக் கால் அளவு மிச்சம்.

உப்பு தின்றதா? இல்லை.
கடல் தின்றால் அம்மைத் தழும்பு விழும்.
யாராவது ராவினார்களா?
ராவினால் கீறல் பள்ளமாக இருக்கும்,
சிங்கத்தின் மேலேயே ஏறிப் போகும்.
இது மேடு.
மயிரிழை மயிரிழையாய் மேடு.
சிங்கத்தின் பாதம் வரை வந்து மறைந்து
அந்தப் பக்கம் அதே நேர்க்கோட்டில் மறுபடி தொடங்குகிறது,
தோணிக்கு அடியில் புகுந்து வெளிவரும் நீரோட்டம் போல.

அச்சில் விழுந்த கீறல்
காசில் எழுந்து நிற்கும்.
எங்கோ ஓர் ஆலையில்
தகடு விழாமல் போன ஒரு கணத்தில்
மேலச்சும் கீழச்சும் முட்டியிருக்கும்.
வடு தெரியாமலிருக்க
யாரோ கல்லை வைத்து இழைத்திருக்கிறார்.
கொஞ்சம் கூடுதலாக.
ஷிப்ட் முடிகிற நேரமாக இருக்கலாம்.
சிங்கம் ஆழம், தப்பித்தது.
எழுத்துக்கு ஆழமில்லை, முதலில் போனது.
பிறகு அந்த அச்சு
தன்னிடம் மிஞ்சியதை மட்டும்
ஆயிரமாயிரம் தடவை சொன்னது.
சொன்னதில் பிழை எங்கே?

"அப்ப என்னதான் விலை?"

"ரெண்டு ரூபாய்."

அவர் சிரிக்கவில்லை.
"போன வருஷம் இதே மாதிரி ஒண்ண
ஆறாயிரத்துக்குத் தள்ளிவிட்டீங்களாமே,
கோயம்புத்தூர் டாக்டருக்கு?"

அப்போது எனக்குத் தெரியாது என்றேன்.
அது உண்மை.
தெரிந்த பிறகும் பத்து மாதம்
போன் செய்யவில்லை.
அதுவும்.

பஞ்சை மேசையிலேயே விட்டுவிட்டுக்
காசை மட்டும் எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்.
அதே மொட்டைக் காசு, எட்டு.
அதே பாதத்தின் கீழ் அதே கோடுகள்.
ஒரே மூட்டையிலிருந்து பிரித்துக்
கரையில் சில்லறை கொடுத்திருப்பார்கள்.
"பதினாறு ரூபாய் குடுங்க" என்றார்.
நூறாகக் கொடுத்தேன்.
எண்பத்து நாலையும் எண்ணி வைத்தார்,
எல்லாம் கடல் காசு,
எழுத்து எழுத்தாக வாசிக்கலாம்.

கடை அடைக்கும் நேரத்தில்
எட்டையும் வரிசையில் வைத்தேன்.
முதல் காசில் கோடுகள் கூர்மை.
ஐந்தாவதில் மங்கல்.
எட்டாவதில் ஒன்றுமே இல்லை:
அடித்து அடித்து, இழைத்த தடத்தையும்
அச்சு இழந்துவிட்டிருக்கிறது.
அதை மட்டும் தனியாகப் பார்க்கிறவன்
எழுத்தைப் போட மறந்துட்டான் என்றுதான் சொல்வான்.
நானும் அப்படித்தான் சொன்னேன்.

கோயம்புத்தூர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது.
மேசையின் அந்தப் பக்கம்
பையன் யாருடைய போனுக்கோ புதுத் திரை ஒட்டி
மணி அடிக்கிறதா என்று
சோதித்துக்கொண்டிருக்கிறான்.