போஞ்சி நானூற்றிருபது

காத்தான்குடிக் கடையில் ஜௌபர்
மூன்று பெட்டிகளைத் திறந்து காட்டினார்.
"பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்காரங்கதான் இதக் கேக்கிற.
நீங்க எந்த ஹோட்டல்?"

ஹோட்டல் இல்லை.
கல்லடியில் ஒரு வீடு.
ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறை.

பெட்டியின் முதுகில் இரண்டு எண்கள்.
முதல் எண் தூசிக்காம்,
இரண்டாவது தண்ணீருக்காம்:
எவ்வளவு தாங்கும், எந்தப் பக்கத்தால் அடித்தால் தாங்கும்.
தூறலுக்கு ஒன்று, பீச்சலுக்கு ஒன்று,
முங்கினாலும் சாகாததற்கு ஒன்று.
ஒன்பது வயது என் மகனுக்கு
அந்த இரண்டாவது எண் பூச்சியம்.
தலையில் ஒரு கோப்பை தண்ணீர் விழுந்தால்
கூரை விழுந்ததுபோல் கத்துவான்.
அயல் வீட்டில் நாய் எழும்பும்.
இதை நான் ஜௌபரிடம் சொல்லவில்லை.
பதினைந்து அங்குலம் போதும் என்றேன்.

காணிக் கந்தோரில் சிரித்தார்கள்.
"குளிக்கிறதுக்கும் படமோ, மிஸ்?"
ஓம், படம்தான்.
இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு படம்.

ஆரையம்பதியிலிருந்து கோணேசமூர்த்தி வந்தார்,
துளைபோடும் மெசினை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சவரையே பார்த்தார்.
"கரண்டும் தண்ணியும் சம்பந்தம் செய்யாதுகா, தங்கச்சி."
மறுகா அவரே வழி கண்டார்:
இருநூற்று முப்பது குசினிச் சுவரோடு நிற்கும்.
உள்ளே போவது வெறும் பன்னிரண்டு.
"கடிக்காது. நுள்ளவும் நுள்ளாது."

முதல் துளையிலேயே ஒரு டைல் வெடித்தது.
அந்த நீலம் இப்போது எங்கும் இல்லை.
வெடிப்பு அப்படியே இருக்கிறது.

எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்டார்.
ஈரத் தரையில் முழந்தாளிட்டு
என் கண்ணை அவன் கண்ணாக்கிக் காட்டினேன்.
மூன்றடி ஒன்பது.
"புள்ள வளந்தா?"
வளரட்டும்.

ஓரமெல்லாம் சிலிக்கன் இழுத்து
விரலால் ஒருமுறை தடவி விட்டு,
"ஒரு நாள் முழுக்கத் தண்ணி படக்கூடாது" என்றார்.
இன்னொரு நாள்தானே.
ஏற்கனவே பதினொரு நாள்.

அவனுக்குக் கார்ட்டூன் பிடிக்காது.
பாட்டும் பிடிக்காது.
மத்தியானம் தம்புள்ளைச் சந்தையின்
மரக்கறி விலை ஓடும்,
அதற்குத்தான் மூச்சடக்கிப் பார்ப்பான்.
ஆகவே சனிக்கிழமை
பன்னிரண்டு இருபதுக்குக் கதவைத் திறந்து வைத்தேன்.

கரட் முந்நூற்றுப் பத்து.
நிலையில் நின்றான்.
லீக்ஸ் இருநூற்றெண்பது.
ஒரு கால் உள்ளே.
சவரை நூல்போலத் திறந்தேன்.
கத்தரிக்காய்க்குத் தோள் நனைந்தது,
அவன் அதைக் கவனிக்கவில்லை.
போஞ்சி நானூற்றிருபது என்று
அவனும் சேர்ந்து சொன்னபோது
உச்சந்தலையிலிருந்து மூக்கு நுனிவரை
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
நாய் எழும்பவில்லை.

நாலாம் நாள்
பீட்ரூட்டோடு கரண்ட் போனது.

தலை முழுக்க ஷாம்பூ.
கூரைத் தாங்கியிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது,
விலை வரவில்லை.
குழாயை மூடக் கை நீட்டினேன்,
காதைப் பொத்தத்தான் மற்றக் கை வேண்டும்
என்று நினைத்துக்கொண்டு.

கறுத்த கண்ணாடிக்குள்
ஒரு பொடியன் நின்றான்.
மூன்றடி ஒன்பதில் கண்,
தலையில் நுரை.
இவன் பார்த்தான். அவனும் பார்த்தான்.

இவன் தன் தலையிலிருந்து
ஒரு கை நுரை அள்ளி
அவன் தலையில் வைத்தான்.
தேய்த்தான், மெல்ல,
காதுக்குப் பின்னால் என்று தான் நினைத்த இடத்திலும்.
"கண்ண மூடு மனே" என்றான்,
என் குரலில், என் அவசரத்தில்.
பிறகு அந்தப் பொடியன் பயப்படாமலிருக்க
ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினான்:
கரட். லீக்ஸ். கத்தரிக்காய்.
போஞ்சி நானூற்றிருபது.

அது சனிக்கிழமை விலை.
நான் திருத்தவில்லை.