நாற்பது கிலோ மழை

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
எடைமேடை மென்பொருள்.
லாரி ஏறினால் திரையில் ஓர் எண்,
எண்ணுக்கு ஒரு நிறம்.
பாரம் மிஞ்சினால் சிவப்பு, இல்லையேல் பச்சை.
நடுவில் உட்கார்ந்து
எண்ணை நிறமாக்குகிறது ஒரு சின்ன கன்வெர்ட்டர்,
இருபது வரிகூட இல்லை.

அதையே பதினொரு பேர்
பதினொரு திரைக்குப் பதினொரு முறை எழுதியிருக்கிறார்கள்,
ஒரே தெருவில் வரிசையாக ஜெராக்ஸ் கடை போட்ட மாதிரி.
ஒன்றின் பெயரில் எழுத்துப்பிழை.
ஒன்றில் சிவப்பு என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு.
திரும்பி வரும் வழியில் மட்டும்
எல்லோரும் ஒரே பலகையை மாட்டியிருக்கிறார்கள்:
'இன்னும் எழுதப்படவில்லை.'
சரிதான்.
சிவப்பைக் கையில் கொடுத்து
எத்தனை டன் என்று கேட்டால்
யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை பத்தை அழித்தேன்.
மிஞ்சிய ஒன்றைப் பொதுக் கோப்பில் வைத்து
எல்லாத் திரையையும் அதன் பெயரில் கட்டினேன்.
கேன்டீனில் எனக்கு நானே ஒரு மெதுவடை.

திங்கள் காலை போன். மாதவரம் எடைமேடை, தமீம்.
"நைட்டெல்லாம் மழ மேடம்.
கரெக்டா ஏத்துன வண்டிகூட செவப்பு காட்டுது.
ரெட்டேரி வரைக்கும் லைன் நிக்குது."

அழித்ததைத் தோண்டினேன்.
ஏழாவது நகல். எபினேசர்.
வேலையை விட்டு நாலு வருஷம்.
வரம்போடு ஒரு நாற்பதைக் கூட்டியிருக்கிறார்,
பக்கத்தில் ஒரே குறிப்பு:
'மாதவரம் மேடைல தண்ணி தேங்கும்.'

ஆள் அங்கே போயிருக்கிறார்.
பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு
வண்டியே இல்லாத மேடையில்
எண் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்.
நான் மாதவரம் போனதே இல்லை.

பதினொன்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை.
அதே ஒன்றுதான்,
கூடவே கேட்டு வாங்கிக்கொள்ள ஓர் இடம் வைத்தேன்:
மற்றவர்க்கு பூஜ்யம், மாதவரத்துக்கு நாற்பது.
குறிப்பையும் எடுத்து வந்து ஒட்டினேன்,
'தண்ணி'யைத் திருத்தாமல், அவர் பெயரோடு.

மதியம் தமீம்: "பச்ச வந்துடுச்சு."

ஹெச்ஆரிடம் இருந்த பழைய நம்பருக்கு அனுப்பினேன்:
'உங்க நாற்பது இன்னும் ஓடுது சார்.'
ஒரு டிக்.
சாயங்காலமும் ஒரு டிக்.
வாளி தளும்பியது,
எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.