ஆறு மணிக்கூர்

மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதீங்க என்று
வருகிற எல்லோரிடமும் சொல்வேன்.
முகத்துக்கென்றால் தாடையோரம்.
மணிக்கட்டு வேறொரு ஆள்,
வெயில் படாமல் வளர்ந்தது.

இன்று வந்தவளுக்கு
மணிக்கட்டுக்கே வேண்டியிருந்தது.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இரண்டு மொபைல் கடைகளுக்கு நடுவில்
ஒருச்சாய்ந்து நிற்கும் எங்கள் ஃபேன்சி ஸ்டோரில்
மூன்று டியூப் லைட்.
மூன்றும் பொய் சொல்லும்.
ராசலையன் அண்ணாச்சிக்கும் அது தெரியும்,
அதனால்தான் மாற்றவில்லை.

பாறசாலையிலிருந்து வருகிறாளாம்.
நாற்பத்திமூன்று இருக்கும். குடை சொட்டியது.
வாட்ச் வாரை அவிழ்த்தாள்:
மலையாளத்தில் நான்கு எழுத்து,
ஏதோ திருவிழாவில் குத்திய பச்சை,
ஓரமெல்லாம் கலங்கி.
எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.
இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்துத்தான்
தோலின் உள்நிறம் சொல்வோம்.
இவளுக்கு நரம்பின் மேலேயே
அந்த நான்கு எழுத்தும் படுத்துக் கிடந்தன.
மறு கையைக் காட்டச் சொன்னேன்.
பச்சை. மஞ்சள் சாய்ந்த தோல்.

கம்பெனி அட்டையில் பதினாறு நிறம்.
பதினொன்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை.
மிச்சத்துக்கெல்லாம் தின்பண்டத்தின் பெயர்:
பாதாம், தேன், டாஃபி.
என்னைக் கேட்டிருந்தால்
சக்கக்குருவின் தோல் என்று ஒன்று வைத்திருப்பேன்.
மரச்சீனியின் உள்தொலி என்று ஒன்று.
புகைப்புரையில் மூன்றாம் நாள் ரப்பர் ஷீட் என்று ஒன்று.
இவள் அந்த மூன்றாம் நாள்.

தேனைப் பூசினேன்.
எழுத்து சாம்பலாக மேலே வந்தது.
"போவல்லியே," என்றாள்.

இதை மட்டும் யாரும் நம்புவதில்லை.
மறைக்க வேண்டுமானால்
முதலில் சொந்த நிறம் ஆகாது.
எதிர்நிறம்.
பழுத்த பாக்கின் தோல்போல ஓர் ஆரஞ்சு,
மோதிர விரலால்,
(விரல்களில் பலமில்லாதது அதுதான்)
தேய்க்காமல், தட்டித் தட்டி.

கையைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.
மறைக்க வந்தது
முன்னைவிடச் சத்தமாக இருந்தது.
பொறுங்க சேச்சி, காயட்டும்.

என் இடது புறங்கையில் தேனும் டாஃபியும் குழைத்தேன்.
அங்கே காலையிலிருந்தே ஆட்கள்:
நைட் ட்யூட்டி முடித்து வந்த நர்ஸின் கருவளையம்,
பிளஸ் டூ பையனின் பரு,
அவன் "தங்கச்சிக்கு" என்று சொன்னது.
கோடு கோடாக அவரவர் தோல்.
எனக்கான நிறம் மட்டும் அட்டையிலும் இல்லை,
கையிலும் இல்லை.

மெல்லிசாக இரண்டு தடவை.
பிறகு வாசலுக்குக் கூட்டிப்போனேன்.
மழை விட்டிருந்தது. ஒரு சிவப்பு பஸ்
ஹாரனடித்துப் பின்னால் வந்துகொண்டிருந்தது.
பகல் வெளிச்சத்தில் கையைத் திருப்பினாள்.
இல்லை.
யாரும் எதுவும் எழுதாத ஒரு கை.

இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல
அந்த இடத்தை ஒரு விரலால் தொடப்போனாள்.
தொடாதீங்க என்றேன்.

"வேர்த்தா?"
"பவுடர் போட்டா ஆறு மணி நேரம் நிக்கும்."
"ஆறு மணிக்கூர் மதி."
நாளைக்கு நெய்யாற்றின்கரை,
ரெஜிஸ்தர் ஆபீஸ், பதினோரு மணி.
அதுக்கப்புறம் சோறு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணிக்கொண்டே அவள்தான் சொன்னாள்:
"அவருக்குத் தெரியும்.
ஃபோட்டோவுக்குத் தெரியண்டாம்."

ஆரஞ்சு டியூபில் முப்பது ரூபாய் குறைத்தேன்.
அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

வாட்சை வலது கையில் கட்டிக்கொண்டு
ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள்.
மணி பார்க்க, பழக்கத்தில்,
இடது கையைத் தூக்கினாள்.
தூக்கியபடியே வைத்திருந்தாள்.
பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.