ஆட்டாமை

ஆடு என்றால் ஓட்டுக்குள் முகத்தை இழுத்துக்கொள்ளும்.
ஆமை என்றால் கொம்பைக் காட்டும்.
சின்ன ஏர்வாடிக் கரையில் நாங்கள்
இரண்டையும் ஒட்டி ஆட்டாமை என்கிறோம்.
அதற்கு இதுவரை ஆட்சேபம் இல்லை.

வேலிக்கருவைக் காய் பொறுக்கும்.
தண்ணீர் வற்றினால் பார் மேல் இறங்கி
மரிக்கொழுந்துப் பாசியை
நான் கிள்ளுமுன் கிள்ளிவிடும்.
எனக்கு விரலெல்லாம் துணி சுற்ற வேண்டும்,
அதற்கு உதடே போதும்.
மதியம் உடைமரத்தடியில் படுத்து
காயும் பாசியும் சேர்த்து அசைபோடும்,
கடைவாயில் பச்சை நுரை.
மழை வந்தால் ஆடுகள் ஓடும்;
இது நின்ற இடத்திலேயே வீட்டுக்குள் போகப் பார்த்து
கொம்பு நுழையாமல் தவிக்கும்.

கறிக்கடை சீனிக்காதர் ஓட்டைத் தட்டிப் பார்த்தார்.
"இதை உரிக்கிறதா, உடைக்கிறதா?"
கத்தி தீட்டாமலே போய்விட்டார்.
பிறகு இரண்டு ஜீப் வந்தது.
"மேயுதுல்ல, உங்க கணக்கு."
"நீந்துதுல்ல, உங்க கணக்கு."
புழுதி அடங்கியபின்
கீழே விழுந்த படிவத்தை அது நிதானமாகத் தின்றது.

மாசியில் குழி பறித்து
நாலே நாலு முட்டை.
ஆமைக்கு அத்தோடு வேலை முடிந்தது:
மணலை மூடி, திரும்பிப் பாராமல் போக வேண்டும்.
போகிறது.
அலை முழங்கால் தொட்டதும்
மடியில் பால் கட்டிக்கொள்கிறது.
திரும்பி வந்து மணலை முகர்ந்து கத்துகிறது.
மணல் என்ன சொல்லும்.
மறுபடி கடல். மறுபடி கரை.
ஐம்பது நாளும்
போன தடத்தின்மேல் வந்த தடம்.

எனக்கு அப்போது மூன்று மாதக் கைப்பிள்ளை.
விடியுமுன் தீவுக்கு வத்தை கிளம்பும்.
நாத்தனார் அழகுராக்கு மடியில் அவனைப் போட்டுவிட்டு
கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுவேன்.
பத்து மணிக்கு அவனுக்குப் பசிக்கும்.
பத்து மணி எனக்கு, கடிகாரம் இல்லாமல்,
இடுப்பளவு தண்ணீரில் தெரியும்.
கடலில் நிற்பவளின் ரவிக்கையில்
எது எந்த ஈரம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

சித்திரை பிறந்த வாரம், நிலா இல்லாத இரவு,
மணல் அசைந்தது.
மூன்று குட்டிகள் நேரே கடலுக்கு ஓடின.
பின்னால் ஓடியது தாய்.
நாலாவது மட்டும் திசை தெரியாமல்
என் காலடிக்கு வந்து முட்டியது.
அதைக் கையில் தூக்கி நான் கூப்பிட்டேன்,
ஆடு கூப்பிடுகிற மாதிரியே, வெட்கமில்லாமல்.

அது திரும்பியது.

கையில் வழிந்த பாலை நக்கிப் பார்த்தேன்.
கரிக்கவில்லை.
அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.