ஏழாம் அத்தியாயம்

நாவலில் அவளுக்கு நிரோஜினி என்று பெயர்.
ஏழாம் அத்தியாயத்தில் பெரிய பிள்ளையாக வேண்டும்.
மூன்று மாதமாக மறுக்கிறாள்.

முதலில் சடங்கு வீட்டில் கொண்டுபோய் இருத்தினேன்.
வாடகைச் சிம்மாசனம், கடுஞ்சிவப்பு வெல்வெட்,
"நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ தங்கச்சி"
என்கிற வீடியோக்காரன்,
பலகாரத் தட்டுகளை எண்ணும் மாமிமார்.
எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது.
சேலைக்குள் மட்டும் ஆள் இல்லை.

வேறு பெண்கள் எழுதிய நாவல்களை எடுத்து
அந்தப் பக்கம் எதுவென்று தேடினேன்,
கரண்ட் போன இரவுகளில், ஃபோன் வெளிச்சத்தில்.
ஒருத்தி, தாய் சொன்னது பொய்யென்று பிடிபட்ட அன்று
வளர்ந்துவிடுகிறாள்.
இன்னொருத்தி முத்தத்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்கையில்.
அவ்வளவு சுலபமாக!
பொறாமையில் ஓரங்களில் பென்சிலால் கீறினேன்.

பிறகு டச்சுக்குடாவுக்குக் கூட்டிப்போய்
அலையில் காலை நனைக்க விட்டேன்.
மா ஆலையில் பக்கத்து மேசை பஸ்மியா வாசித்துவிட்டு,
"எழுத வந்தா எல்லாருக்கும் கடல்தான்.
நாங்க கிண்ணியாவிலயிருந்து அதுக்கு மேலால
தினமும் வேலைக்கு வாறம்,
ஒருத்தியும் ஞானமடையல்ல" என்றாள்.

கிழித்த தாள்கள் பைக்குள் கிடந்தன.
பஸ் நிலையத்தடியில் புள்ளிமான் ஒன்று
பழத்தோலை விட்டுவிட்டு அவற்றை இழுத்தது.
சிம்மாசனமும் வெல்வெட்டும்
அதன் தாடைக்குள் மெதுவாகப் போயின.
பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பஸ் போய்விட்டது.

அடுத்தது நிலாவெளி பஸ்.
ஐநூறு ரூபாத் தாளை நீட்டினேன்.
கொண்டக்டர் மிச்சம் தரவில்லை.
எனக்கு நாற்பத்தாறு வயது.
ஆலையின் கோடிகளைச் சதம் பிசகாமல் கூட்டுகிறவள்.
உப்புவெளிவரை அவன் முதுகையே பார்த்திருந்து
கேட்காமல் இறங்கினேன்.

அன்றிரவு சாப்பிடவில்லை.
நிரோஜினியை அதே பஸ்ஸில் ஏற்றினேன்.
பதின்மூன்று வயது, வெள்ளைச் சீருடை,
அடிவயிற்றில் காலையிலிருந்து ஒரு இழுப்பு,
பின்பக்கத்தை மறைத்துப் பிடித்த புத்தகப் பை.
இருக்கை காலியாக இருந்தும் இருக்கவில்லை.
இறங்கும் இடம் வருகிறது.
நான் பேனையை மூடிவிட்டுக் காத்திருந்தேன்,
இனி அவள் பாடு.

"அண்ணே, மிச்சக் காசு."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அவன் சில்லறையை உள்ளங்கையில் கொட்டினான்.
ஒரு கையில் பை பின்னால்,
மற்றக் கையில் அவள் எண்ணினாள்,
சாரதி ஹோர்ன் அடிக்க அடிக்க.

பத்து ரூபா குறைந்தது.
திரும்பவும் கேட்டாள்.