மிச்ச நீளம்

ரெஜைனாவில் காற்சட்டைகளை
எல்லோருக்கும் நீளமாகவே விற்கிறார்கள்.
வெட்டிக் குறைப்பது என் தொழில்.
அங்காடியின் கீழ்த்தளத்தில்
சாவி வெட்டுகிறவனுக்குப் பக்கத்துக் கடை.
ஒரு காலுக்கு இரண்டு அங்குலம்,
சிலருக்கு மூன்று.
வெட்டியது எங்கே என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அது என் கட்டிலுக்கு அடியில்.

ஏழு பெட்டி. பரநிருபன் எண்ணி வைத்திருக்கிறார்.
"இன்னொன்று வந்தால் கட்டில் எழும்பி நிற்கும்."
பிறகு அவரே,
"குயில்தான் இல்லை இந்த ஊர் வசந்தத்தில்,
குயில்ட்டாவது இருக்கட்டும்."

ஏப்ரலில் வீதியோர ஸ்னோ கறுத்துச் சுருங்கி
குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளைக்கல்லைத்
திருப்பித் தந்துவிட்டுப் போனது.
வஸ்கானா ஏரிக்கு வாத்துகள் வந்து
வந்த கையோடு சண்டை தொடங்கின.
ஆறு மாதத்துக்குப் பிறகு யன்னலைத் திறந்தேன்,
பெட்டிகளையும்.

நிறத்தால் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால்
பிரிக்க நிறமே இல்லை:
கறுப்பு, கருநீலம், சாம்பல்,
அந்தச் சாம்பலோடு ஒத்துப்போகாத இன்னொரு சாம்பல்.
நூலகத்துத் தையல் குழு டார்லீன் சொன்னாள்,
அகலத்தால் பிரி.
ஒன்றரை, இரண்டு, மூன்று.
மடிப்பெடுத்து, அயன் பிடித்து,
ரப்பர் வளையம் போட்டு அடுக்கினேன்.
ஒன்றரைக்குக் குறைந்ததை எறிந்துவிடு என்றாள்.
அதற்குத்தான் எட்டாவது பெட்டி.

முகம் எனக்கு மறந்துபோகும், உயரம் மறக்காது.
இது, நீதிமன்றத்துக்கு நாளைக்கே வேண்டும் என்று
நின்றுகொண்டே இருந்தவருடையது.
இது, ஒரு காலில் மட்டும் வெட்டியது;
மற்றக் கால் சரி என்றார்,
நானும் சரி என்றேன்.
முன்பின் தெரியாத இத்தனை பேரின் மிச்ச நீளத்தை
நடுச் சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்தேன்.
பத்துக் கட்டம். பன்னிரண்டு.

மே பிறந்ததும் பட்டமளிப்புக் கவுன்கள் வரத் தொடங்கின.
பீச் நிறச் சாட்டின், புதினாப் பச்சை ஷிஃபான்.
கத்தரி வைத்த இடமெல்லாம் நூல் பிரிந்து,
ஊசியைக் கண்டால் நழுவுகிற சாதி.
கம்பளியோடும் டெனிமோடும் இதுகள் சேராது.
தனியே ஒரு பையில் போட்டு
முடிச்சுப் போட்டேன்.

அந்தக் கிழமைதான் மரிவிக் மகனோடு வந்தாள்.
பாடகர் குழுவின் சாம்பல் காற்சட்டை.
ஒக்டோபரில் நான் வெட்டியது.
இப்போது கணுக்கால் வெளியே.
சனிக்கிழமை நிகழ்ச்சி.
"உள்ளே துணி விட்டிருக்கிறீர்கள்தானே?"
வளர்கிற பிள்ளைக்கு விடுவதுதான் முறை.
அன்றைக்கு அவசரம். விடவில்லை.
அதை அவளுக்குச் சொன்னேன்.
ஹொவாகின் "பரவாயில்லை" என்றான்,
அது இரண்டு சுருதியில் வந்தது.

இரவு போர்வையை விரித்தேன்.
ஒன்பதாம் கட்டம், இடப்பக்கம், நாலாவது வரி:
வெள்ளைக் கோடு மெலிதாய் ஓடும் சாம்பல்.
ஒரு கால் அங்கே,
மற்றது இரண்டு கட்டம் தள்ளி.
பிளேடால் தையலைப் பிரித்தேன்.
தைத்தபோது ஆனதைவிட அதிக நேரம் ஆனது.
பரநிருபன் தூக்கத்தில்,
"முடிந்ததா?" என்றார்.
"குறைந்தது" என்றேன்.

வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தான்.
குனிந்தான். மறுபடி குனிந்தான்.
"தையல் தெரியுது."
"தெரியும்" என்றேன்,
"ஆனால் கால் தெரியாது."
காசு வாங்கவில்லை.
மரிவிக் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் கட்டத்தில் கை நுழைகிற ஓட்டை
இரண்டு நாள் அப்படியே கிடந்தது.
பிறகு முடிச்சை அவிழ்த்தேன்.
பீச் சாட்டின் நழுவியது, சுருங்கியது,
ஒருமுறை ஊசியை முறித்தது,
கடைசியில் இருந்துகொண்டது.

போர்வை வளராது. எனக்குத் தெரியும்.
இருந்தாலும் உள்ளே
ஒரு அங்குலம் கூடுதலாய் மடித்துவிட்டேன்.